கூடாதக்கா சம்பந்தம் பேசப் போன கதை

பஸ் கம்பெனியில் அவளுக்குப் பெயர் கூடாதக்கா. வைத்தது ஒரு டிரைவர். காலையில் சுற்றுலா பஸ் கிளம்பி முதல் சிக்னல் வருவதற்குள், மைக்கைப் பிடித்துப் பதினாலு "கூடாது" சொல்லிவிடுகிறாள் என்று அந்த மனிதர் எண்ணிப் பார்த்திருக்கிறார். செருப்போடு உள்ளே போகக்கூடாது. குழந்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் தலையைத் தொடக்கூடாது. விரலை நீட்டி யாரையும் காட்டக்கூடாது. உட்காரும்போது உள்ளங்கால் எதிரில் இருப்பவரைப் பார்க்கக்கூடாது. இடது கையால் கொடுக்கக்கூடாது, வாங்கவும் கூடாது. கும்பிடுகிறவர்கள் முன்னால் போய் நின்று படம் எடுக்கவே கூடாது. எல்லாம் சொல்லி முடித்து, "பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்குதா?" என்பாள். கேட்கிறது என்று கைகளைத் தூக்குவார்கள். தூக்கிய கைகளில் பாதி, அரை மணி நேரத்தில் அதே தப்பைச் செய்யும்.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. டிக்கெட் கிழிக்கத்தான் சேர்ந்தாள். வழிகாட்டிக்கு மஞ்சள் காமாலை வந்த ஒரு நாள், "இன்னைக்கு மட்டும் நீ ஏறும்மா" என்று முதலாளி தள்ளிவிட்டார். அந்த முதலாளி போய், அவர் மகன் நாற்காலியில் உட்கார்ந்து, அவனுக்கும் முடி கொட்டிவிட்டது. இருபத்தாறு வருஷமாகியும் அந்த "இன்னைக்கு மட்டும்" முடியவில்லை.

ஊர் அப்படிப்பட்டது. ஒரே தெருவில் மூன்று மதத்தாரின் வழிபாட்டு இடங்கள். ஒன்றில் தலையை மூட வேண்டும், அடுத்ததில் தொப்பியைக் கழற்ற வேண்டும், மூன்றாவதில் தோல் பெல்ட்டைக்கூட வெளியே வைக்க வேண்டும். நாலு விதமான பேச்சு, நாலு விதமான கோபம். எல்லாவற்றையும் அவளாகப் பார்த்து, திட்டு வாங்கி, கற்றுக்கொண்டாள். எங்களைப் பற்றி இப்படிச் சொல் என்று யாரும் அவளிடம் வந்து சொன்னதில்லை. அவளும் யாரையும் கேட்டதில்லை.

சொல்வது பாதி வேலை, மன்னிப்புக் கேட்பது மீதி வேலை. எவனோ சிலையின் மடியில் ஏறி உட்காருவான், கூடாதக்கா கைகூப்புவாள். எவளோ காவலாளியின் குழந்தையைத் தலையில் தட்டிக் கொஞ்சுவாள், கூடாதக்கா குனிவாள். செய்யாத தப்புக்குக் குனிந்தே முதுகு போனது. படி ஏறி இறங்கி முழங்கால் போனது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேச்சு மட்டும் நிற்காது. எதிர்வீட்டுக்காரி வாசலில் கால் வைத்தால், "செருப்பு..." என்று அவள் வாய் தன்பாட்டில் ஆரம்பிக்கும்.

புருஷன் அதே கம்பெனியில் டிரைவர். மலைப்பாதைக்கு வண்டி எடுத்துப்போனவர், நாலு மணிக்கு வந்துவிடுகிறேன் என்றார். வரவில்லை. மகளுக்கு அப்போது பதினொரு வயது. இப்போது முப்பத்தொன்று, பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறாள். லிஃப்ட் பழுது பார்க்கிற ஒரு பையனைப் பிடித்துப்போய் நாலு வருஷம் ஆகிறது. பையன் வேறு மதம், வேறு பேச்சு, இரண்டே தெரு தள்ளி வீடு. அப்பா இல்லாத பையன். அம்மா ஓட்டல் ஒன்றில் துணி வெளுக்கிறாள். அந்த அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. நாலு வருஷம் தவமாய்த் தவம் கிடந்தபின், "ரெண்டு மணிக்கு வரச்சொல்லு. பாத்துட்டுச் சொல்றேன்" என்றாளாம். அந்த ஒரு வாய்ச் சொல்லில்தான் மகளின் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று காலை மகள் தலை பின்னிக்கொண்டே சொன்னாள். "அம்மா, உன் கையைக் காலா நினைச்சுக் கேக்கறேன். இன்னைக்கு மட்டும் யாருக்கும் எதுவும் சொல்லாத. சும்மா வா, சும்மா உக்காரு, சும்மா டீ குடி."

"நான் என்னடி பைத்தியமா?" என்றாள் கூடாதக்கா.

லீவு கேட்டிருந்தாள். கிடைக்கவில்லை. அரைநாள் சுற்றுதான், ஒரு மணிக்கு விட்டுவிடுவோம் என்றார்கள். போன இடத்தில் ஒரு பெரியவர் ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தார். சர்க்கரை வியாதி, காலில் புண் என்று அரை மணி நேரம் கழித்துத்தான் சொன்னார். அவர் மனைவி அதற்குள் யாரோ கும்பிடுகிறவர்களைப் படம் எடுத்து, அவர்கள் சண்டைக்கு வந்து, கூடாதக்கா இரண்டு பக்கமும் குனிந்து நிமிர்ந்ததில் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. ஃபோனில் சார்ஜ் இல்லை. பஸ் அவளைப் பையன் வீட்டுத் தெருமுனையில் இறக்கிவிட்டபோது மணி நாலு.

கூடாதக்காவின் தம்பியும் அவன் பெண்டாட்டியும் எதிர்க்கடை நிழலில் நின்றார்கள். அக்கா வராமல் உள்ளே நுழைவது மரியாதையில்லை என்பது தம்பியின் கணக்கு. மகள் மட்டும் வெயிலில், கேட்டுக்குப் பக்கத்தில், தெருவைப் பார்த்தபடி நின்றாள். அம்மாவைக் கண்டதும் மூச்சு விட்டாள்.

மூன்று பேரும் கூடாதக்காவுக்குப் பின்னால் வீட்டுப் படிக்கு வந்தார்கள். அங்கேதான் வினை. அன்னிய வீட்டு வாசல், கீழே செருப்போடு ஒரு கூட்டம். அவள் மூளை தூங்கிவிட்டிருந்தது. உடம்பு மட்டும் வேலையில் இருந்தது. இரண்டாம் படியில் ஏறி, கதவுக்கு முதுகு காட்டித் திரும்பி, வலது கையைத் தூக்கினாள்.

"எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க. செருப்பை இங்கயே விட்டுருங்க, நிலைப்படிய மிதிக்கக்கூடாது. எது குடுத்தாலும் ரெண்டு கையால வாங்கணும். வீட்டுப் பெரியவங்க உக்கார்ற வரைக்கும் உக்காரக்கூடாது. இவங்க நல்ல ஜனங்கதான், ஆனா சட்டுனு கோவம் வரும். புரியலேன்னாலும் சிரிச்சுக்கிட்டே இருங்க, ஒண்ணும் பண்ண மாட்டாங்க." மகள் கண்ணால் கெஞ்சினாள். தம்பியின் முகம் வெளுத்தது. கூடாதக்கா எதையும் பார்க்கவில்லை. "பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்குதா?"

"நல்லாவே கேக்குது" என்றது அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

பையனின் அம்மா ஈரக் கையோடு திறந்த கதவில் நின்றாள். கூடாதக்காவின் பேச்சிலேயே சொன்னாள். அந்த ஊரில் பக்கத்துத் தெருப் பேச்சு தெரியாமல் யார் வளர்ந்தார்கள்?

உள்ளே போய் உட்கார்ந்தார்கள். டீ வந்தது. தம்பி இரண்டு கையாலும் வாங்கினான், அதுவும் சேர்ந்து மானத்தை வாங்கியது. பையன் சமையலறை வாசலில் நின்று நகம் கடித்தான்.

"அந்த நிலைப்படி வழக்கம் எங்க மாமியாரோட போச்சு" என்றாள் பையனின் அம்மா. "என் முகம் ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

கூடாதக்கா பார்த்தாள். வேலைக்காரக் கைகள், வீங்கிய கால்கள், தன் வயசு. "இல்லைங்க."

"பன்னெண்டு வருஷம் முன்னாடி. நான் கும்பிட்டுட்டுப் படியில உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன். வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடந்தாரு. நீங்க ஒரு கூட்டத்தை நிறுத்தி, என்னைக் கையால காட்டி, இவங்க ஜனங்க சாமி முன்னாடி அழுதா மனசு லேசாகும்னு நம்புவாங்கன்னு சொன்னீங்க. நாலு பேர் படம் எடுத்தாங்க. விரலை நீட்டலை, அது வாஸ்தவம். உள்ளங்கையாலதான் காட்டுனீங்க." டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்தப் பொம்பளை வீட்டுலயா சம்பந்தம்னுதான் நாலு வருஷம் யோசிச்சேன். இன்னைக்கு உங்க பொண்ணு வேற. ரெண்டு மணியிலருந்து வாசல்ல நிக்குது. மூணு தடவை உள்ள வான்னு கூப்பிட்டேன். தலையை ஆட்டுதே தவிர நகரலை. இதுக்கு இவ்வளவு திமிரான்னு ஆயிருச்சு."

மகள் குனிந்துகொண்டாள்.

கூடாதக்காவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அலுப்பு அதிகமாக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் மற்றவர்களுக்காகக் கேட்ட மன்னிப்பெல்லாம் நாக்கு நுனியில் தயாராக நின்றது. தனக்காக ஒன்றுகூட வரவில்லை.

"அந்தப் படி எனக்கு ஞாபகமே இல்லைங்க" என்றாள். "அப்படி எத்தனை பேரைக் காட்டுனேனோ. தப்புதான். என்னை என்ன வேணா சொல்லுங்க. ஆனா அவளுக்குத் திமிரு கிடையாது." குரல் பஸ்ஸில் கேட்காத குரலாக இருந்தது. "இது எங்க வீட்டு வழக்கம். மொத்தமே ரெண்டு பேர் இருக்கிற வீடு. யாராவது வர லேட்டானா அவ வாசல்ல நிப்பா. அவங்க அப்பா வராத அன்னைக்கு நின்ன மாதிரியே. பத்து நிமிஷம் ஆனாலும் நிப்பா, பாதி ராத்திரி ஆனாலும் நிப்பா. உள்ள வான்னு கூப்பிடக்கூடாது. ஏன் நிக்கிறேன்னு கேக்கக்கூடாது. வெளிய போனவங்க சொன்ன நேரத்துக்கு வந்துடணும். அவ்வளவுதான். நானே இன்னைக்கு வரலை."

தம்பி பெண்டாட்டி மூக்கை உறிஞ்சினாள்.

பையனின் அம்மா மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"டேய், அங்க நின்னு என்ன பண்றே? லிஃப்டுக்குள்ள மாட்டுனா நடுராத்திரிக்குத்தான் வீடு வந்து சேருவே. இங்க வந்து உக்காரு." பையன் வந்து தரையில் உட்கார்ந்தான். அவள் கூடாதக்காவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சம்பந்தி" என்றாள். "இவனுக்குக் கேக்கலை."