"நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்த நாள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, வைகாசி வெயிலில், அருப்புக்கோட்டையில் நடந்தது இது. எங்கள் ஊர் திருச்சுழியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கொத்தமல்லியும் சோளமும், பெய்யாவிட்டால் வேலிக்கருவை முள்தான். காகிதத்தில் மட்டும் பார்த்தால் நாங்கள் பெரிய நிலக்காரர்கள்.

மகள் பிளஸ் டூ முடித்து, மதுரையில் நர்சிங் படிக்க இடம் வாங்கியிருந்தாள். கல்விக் கடன் கேட்டு அரசு இணையதளத்தில் விண்ணப்பித்திருந்தோம். எப்போது திறந்து பார்த்தாலும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே காட்டியது. இதற்கிடையில் என் நாத்தனார் தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அத்தை மகன், உரிமை இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட என் கணவர் ஒரு முடிவு சொன்னார். "லோனு வந்தா படிக்கட்டும். வரலைன்னா ஆவணியில அக்கா சொல்றபடி முடிச்சிருவோம்."  அன்றிலிருந்து மகள் போனைக் கீழே வைக்கவில்லை, அந்தத் தளத்தையே திறந்து திறந்து பார்த்தாள்.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. இணையதளத்தை மாற்றி அமைக்கப் போகிறார்களாம், விண்ணப்பித்த குடும்பங்களில் சிலரை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமாம், வீட்டிலிருந்து ஒருவர் அருப்புக்கோட்டைக்கு வர முடியுமா என்று ஒரு பெண் கேட்டாள். என் கணவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். "சோதிக்கப் போறது நம்மளத்தான். நீயே போயிட்டு வா, எனக்கு அந்தக் கம்ப்யூட்டரெல்லாம் புடிபடாது" என்று ஒதுங்கிக்கொண்டார். நிலம் இருப்பதை விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கும் தோன்றியது. வீட்டில் இருந்த எல்லாச் சான்றிதழ்களையும் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

விடுமுறைக்குப் பூட்டிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர் நரிக்குடிப் பக்கத்துப் பெண். அவர் மகளும் அந்த வருடம்தான் பிளஸ் டூ. என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார். "என்ன கேட்டாலும் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு வந்துருவோம்க்கா. குத்தம் சொன்னா லிஸ்ட்டுல இருந்து நம்ம பிள்ளைக பேர அடிச்சிருவாக" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அவர் முதலில் உள்ளே போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. "நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னார். வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த தண்ணீர் பாட்டிலை பெஞ்சிலேயே விட்டுவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் நடந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே சென்னையிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண், ஒரு கம்ப்யூட்டர், என் கையைப் பார்த்தபடி ஒரு கேமரா. "அம்மா, நாங்க உங்கள சோதிக்கல. இந்த வெப்சைட்டத்தான் சோதிக்கிறோம். மனசுல என்ன தோணுதோ அத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணுங்க" என்றாள். அரசாங்க மேசைக்கு முன்னால் மனதில் பட்டதை வாய்விட்டுச் சொல்லி உருப்பட்டவர்கள் எங்கள் தாலுகாவில் யாரும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

ஒரு அட்டையைக் கொடுத்தாள். அதில் கற்பனையாக ஒரு மாணவியின் பெயர், ஊர், வருமானம். அதைப் பார்த்து நிரப்பினால் போதும் என்றாள். எனக்குப் பகீரென்றது. அரசாங்கத் தளத்தில் பொய்ப் பெயரும் பொய் வருமானமும் போடுவதா? நாளைக்கு அதையே காட்டிக் கேஸ் போட்டால் யார் நிற்பது? இதுதான் எனக்கு வைத்திருக்கும் பரீட்சை என்று முடிவே செய்துவிட்டேன். அட்டையை ஓரமாக வைத்துவிட்டு, மகளின் உண்மையான பெயரையும் எங்கள் உண்மையான விவரங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டினேன். அந்தப் பெண் என் கை போகிற போக்கை ஏதோ குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். பெயரைக் கவனிக்கவில்லை. கடைசிப் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் பெரிய சிவப்பு எழுத்து. 'உங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.'

அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒரு வார்த்தை கிடையாது. என் காது அடைத்துவிட்டது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, எனக்கு முதுகெல்லாம் வியர்வை. "இந்தப் பக்கம் எப்படிம்மா இருக்கு?" என்று அந்தப் பெண் கேட்டது எங்கோ தூரத்தில் கேட்டது.

"நல்லா இருக்குங்க" என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

பஸ் ஸ்டாண்டு வரை எப்படி நடந்தேன் என்று தெரியாது. திருச்சுழி பஸ் நின்றது, டிரைவர் டீக்கடையில் இருந்தார், ஏறி உட்கார்ந்தேன். மகள் போன் செய்தாள். "என்னம்மா சொன்னாக?" என்றாள். "வாரேன், வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். என் கையாலேயே அவள் பெயரை அடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? ஆவணி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வாழைமரம், ரேடியோ செட்டு, நாத்தனாரின் சிரித்த முகம், தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் என் பிள்ளை. டிரைவர் ஏறி இன்ஜினை உறும விட்டார். அந்தச் சத்தத்தில் என்ன தோன்றியதோ, பையை அணைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். திரும்பப் போய்க் கேட்கவும் பயம்தான். கேட்காமல் வீட்டுக்குப் போவது அதைவிடப் பயமாக இருந்தது.

அந்தப் பெண் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "தாயி, எம் மக பேர எதுக்கு அடிச்சீக? நான் ஒரு குத்தமும் சொல்லலையே" என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் முகமும் மாறிவிட்டது. நெட் வயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். பிறகு தன் பெயரையே தட்டினாள். அதே சிவப்பு எழுத்து. தன் மேலதிகாரியின் பெயரைத் தட்டினாள். அவரும் நிராகரிக்கப்பட்டார். "இது வெறும் படம்மா. ஒத்திகை. உங்க விண்ணப்பம் இருக்கிற இடமே வேற. யாரு பேரப் போட்டாலும் இதான் வரும்" என்றாள்.

நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது, நிறுத்தத்தான் முடியவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "அப்பவே ஏம்மா கேக்கல?" என்றாள்.

"யாருகிட்ட கேக்கணும்னு அதுல போடலையே" என்றேன்.

அவள் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். காலையிலிருந்து வந்த எல்லாரும் 'நல்லா இருக்கு' என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்களாம். எல்லாருக்கும் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றாள். எனக்கு முன்னால் வந்த நரிக்குடி அம்மாவுக்கு முதலில் சொல்லச் சொன்னேன்.

ஆனி மாதம் எங்கள் உண்மையான விண்ணப்பத்துக்கு பதில் வந்தது. அதே சிவப்பு எழுத்து, அதே வாசகம்.  ஆனால் இந்தத் தடவை கணவரிடம் சொல்வதற்கு முன் நேராகப் பேங்குக்குப் போய்விட்டேன். எங்கள் வருமானச் சான்று பழையதாம். புதிதாக வாங்கிக் கொடுத்தால் போதுமாம். கொடுத்தோம், கடன் கிடைத்தது, மகள் மதுரைக்குப் போனாள். நாத்தனார் ஒரு வருடம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

போன தை மாதம் திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் அந்த நரிக்குடிப் பெண்ணைப் பார்த்தேன். பக்கத்தில் நிறைமாத வயிற்றோடு அவர் மகள், கழுத்தில் மஞ்சள் மாறாத கயிறு. நான் கேட்காமலேயே அவர் சொன்னார். "பேருதான் அன்னைக்கே அடிச்சிட்டாகளேக்கா. நான் எம் மக பேரத்தான் போட்டேன், செவப்பா வந்துருச்சு. அப்புறம் எதுக்கு அதத் தொறந்து பாக்க?"

"அன்னைக்குச் சாயங்காலம் போன் பண்ணலையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பண்ணாக, பண்ணாக. அந்த நம்பரப் பாத்ததும் எனக்கு வெலவெலத்துப் போச்சு. இன்னும் என்ன சொல்லப் போறாகளோன்னு போன அணைச்சு வச்சிட்டேன்."

அது வெறும் படம் என்பது என் தொண்டை வரை வந்தது. அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லவில்லை. என் மகளைப் பற்றி அவர் கேட்டுவிடக் கூடாதே என்று பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.

அன்றைக்கு அந்த டிரைவர் ஒரு டீ குடிக்காமல் கொஞ்சம் முந்தி வண்டியை எடுத்திருந்தால், அந்த இடத்தில் என் மகள் நின்றிருப்பாள் என்ற நினைப்பு வரும்போதெல்லாம், அவள் ஊசியும் மருந்துமாகப் படித்துக்கொண்டிருக்கும் இன்றைக்கும் போன் போட்டு அவள் குரலைக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்கிறேன்.