படகுத்துறைக் கைகாட்டி

பிள்ளையைப் பறிகொடுத்தவன் உளறுகிறான் என்பீர்கள். இருக்கட்டும். நடந்ததைத்தான் சொல்கிறேன். என் மனைவியும் உடன் இருந்தாள்.

என் மகன் வேலைக்குச் சேர்ந்த ஊர் அது. ஊர் முனையில் ஓர் இரும்புக் கைகாட்டி. நூறு வருடப் பழசு. நீட்டிய விரலுக்குக் கீழே ‘படகுத்துறை’ என்று எழுத்து. பாலம் வந்ததும் படகு நின்றுவிட்டது. சாலை மட்டும் சரிந்து நேரே ஆற்றுக்குள் இறங்குகிறது. அக்கரைக்குப் போக வேண்டிய என் மகன், பனியில் அந்த விரலை நம்பித் திரும்பினான். மறுநாள்தான் காரை வெளியே எடுத்தார்கள்.

கைகாட்டியை அகற்றச் சொல்லித் தொல்லியல் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன்.

“பாதுகாக்கப்பட்ட சின்னம் சார். பெயின்ட் அடிக்கலாம். அசைக்கக் கூடாது.”

நானே அறுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மாலை ஐந்தே முக்கால். பனி இறங்கியிருந்தது. நான் ரம்பத்தை வைத்தேன். என் மனைவி டார்ச் பிடித்தாள்.

“சீக்கிரங்க.”

“இரும்புடி. வாழைத்தண்டா?”

அப்போது ஒரு கார் எங்களைக் கடந்து, விரல் காட்டிய பக்கம் திரும்பியது.

கத்திக்கொண்டே பின்னால் ஓடினோம். சிவப்பு விளக்குகள் பனியில் மறைந்தன...

கிரீச்.

பிறகு சத்தமே இல்லை.

கார் மெல்லப் பின்னோக்கி வந்தது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கினார்.

“யாருங்க அந்தப் பையன்? முன்னால நின்னு ரெண்டு கையாலயும் வண்டியத் தள்றான். தொப்பலா நனைஞ்சிருக்கான்...”

பானெட்டில் இரண்டு ஈரக் கைத்தடங்கள்.

“எந்தக் கால்ல ஷூ இல்ல?” என்றாள் என் மனைவி.

அவர் அவளையே பார்த்தார்.

“இடது... உங்களுக்கு எப்படித் தெரியும்?”

அப்படித்தான் அவனை எங்களிடம் கொடுத்தார்கள்.

கரைக்கு ஓடினோம்.

“கண்ணா...”

தண்ணீர்.

வெறும் தண்ணீர்.

அங்கே மீன் பிடிப்பவர் பிறகு சொன்னார். “இது அஞ்சாவது வண்டிங்க. வழி தெரியாம வர்றவங்க கண்ணுக்குத்தான் படறான்.”

அதன்பின் வாரம் தவறாமல் காரில் அந்தச் சரிவில் இறங்கினோம். அவள் மடியில் உலர்ந்த துண்டு. அவன் வரவில்லை. எங்களுக்குத்தான் வழி தெரியுமே.

போன மாதம் அலுவலகத்திலிருந்து போன். கைகாட்டியை எடுத்துவிடச் சம்மதித்துவிட்டார்களாம். மனைவி போனை என்னிடமிருந்து வாங்கினாள்.

“வேண்டாம் தம்பி. அது இருக்கட்டும்.”

நான் ரம்பத்தைப் பரணில் போட்டேன்.

இப்போதும் பனி இறங்கும் மாலைகளில் அங்கே போய் நிற்கிறோம். ஏதாவது ஒரு வண்டி அந்தப் பக்கம் திரும்பும்.

நாங்கள் கத்துவதில்லை.