தறிச் சத்தத்துல தொலைஞ்ச என் போன்

காலையில குமாரபாளையத்துல சேலை எடுக்கப் போன தறிக்கூடத்துலயே போனை மறந்து வெச்சுட்டு ஊட்டுக்கு வந்துட்டேன்.

ஊட்டுக்காரர் போன்ல இருந்து அதை லாக் பண்ணி, "எடுத்தவங்க கூப்பிடுங்க"ன்னு அதோட திரையில அவர் நம்பரையும் போட்டேன். ரிங்கும் விட்டேன். இருபது தறி ஓடுற எடத்துல யாருக்குக் கேக்கும்?

அடுத்த பட்டன், எல்லாத்தையும் அழிக்கறது. பொண்ணு வளைகாப்பு போட்டோ மொத்தமும் அதுலதான். யார் கையிலயாச்சும் சிக்கிட்டா?

"அழிச்சுரட்டுமாங்க?"ன்னு ஊட்டுக்காரரைக் கேட்டேன்.

"பொறு அம்மிணி. பதினோரு மணிக்கு டீக்கு தறிய நிறுத்துவாங்க. அப்ப ரிங் உடு."

சொன்ன நேரத்துக்கு விட்டேன். அங்க தறி ஓட்டுற அக்கா உடனே கூப்பிட்டாங்க.

"ஏனுங்க, நூல் பெட்டிக்குள்ள கெடந்து கத்துதுங்க. பத்திரமா இருக்கு, வாங்க."

போட்டோவெல்லாம் அப்படியே இருக்கு.

இங்க இருந்தே போனைப் பூட்ட பட்டன் வெச்சிருக்காங்க. தறிய நிறுத்தற பட்டன் எந்த போன்லங்க இருக்கு?