ஷம்ஷாத் அக்கா மாவில் பாக்டீரியா இருக்கிறது!

வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே ஒரு வரி. ஒரு கடைக்கே ஆபத்து வந்துவிட்டது!

மந்தைவெளியில் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலில் இட்லி மாவு விற்பவர் ஷம்ஷாத் அக்கா. போன மாதம் எங்கள் குரூப்பில் ஒரு புண்ணியவான், அந்த மாவில் பாக்டீரியா இருக்கிறதாம், உஷார் என்று போட்டுவிட்டார்.

(புளித்த மாவில் பாக்டீரியா இல்லாமல் பெட்ரோலா இருக்கும்?)

பாதிப் பேர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அக்கா முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் அடையாறில் ஒரு உணவு லேபில் வேலை பார்க்கிறேன். டெஸ்ட் செய்து தருகிறேன் என்று சொன்னேன். மறுநாளே புத்தம்புது டப்பாவில் மாவு வந்தது.

விஷயம் இதுதான். மாவைப் புளிக்க வைப்பவை லாக்டிக் அமில பாக்டீரியா. அவற்றில் சில மகா கெட்டிக்கார ஜாதி. பக்கத்தில் வேறு கிருமி குடியேறாமல் இருக்க ஒரு புரதத்தைச் செய்து வெளியே விடும். பெயர் பாக்டீரியோசின். கெட்ட கிருமி பரப்பிய தட்டில் அதை விட்டால், சுற்றிலும் கிருமி வளராமல் தெளிவாக ஒரு வட்டம் விழும்.

அக்கா மாவில் வட்டமே விழவில்லை.

தயங்கித் தயங்கி, எப்படி அரைத்தீர்கள் என்று கேட்டேன்.

"டெஸ்ட்டுக்குப் போறதாச்சேன்னு கிரைண்டர்ல சுடுதண்ணி ஊத்திக் கழுவினேன் தங்கச்சி. தெனமும் நேத்து மாவு ஒரு கை போட்டுக் கலக்குவேன். அத்தயும் போடல. பழசுன்னு தெரிஞ்சா கடைய மூடச் சொல்லிடுவாங்களோன்னு பயந்துட்டேன்."

ஐயோ அக்கா! அந்த ஒரு கை மாவில்தானே நம்ம பாக்டீரியா ஆளே இருக்கிறார்!

கடையில் தினமும் விற்கிற மாவை நானே வாங்கிப் போனேன். பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்து, புளிப்பால் வந்த விளைவு என்று யாரும் சொல்லக் கூடாதே என்று அமிலத்தையும் சரிக்கட்டிவிட்டுத் தட்டில் விட்டேன்.

மறுநாள் காலை பார்த்தால், வட்டம்! அப்படி ஒரு வட்டம்!

புரதத்தைச் சிதைக்கும் என்சைம் சேர்த்தேன். வட்டம் காணவில்லை. அப்படியானால் வேலை பார்த்தது புரதமேதான். கண்ணுக்கே தெரியாத ஒரு உயிர் இவ்வளவு கச்சிதமாகத் தன் இடத்தைக் காக்கிறது. எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு இது அலுக்காது.

வழக்கமான சுத்தப் பரிசோதனைகளிலும் மாவு பாஸ்.

போட்டோவைக் காட்டி எல்லாவற்றையும் அக்காவுக்கு விளக்கினேன். வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"அப்போ என் மாவுல பாக்டீரியா கீது?"

"இருக்குக்கா. நல்ல பாக்டீரியா."

"தைரியமா சொல்லலாமா?"

தாராளமாக என்றேன். (இங்கேதான் தப்பு செய்தேன்.)

இன்று காலை கடை வாசலில் சாக்பீஸில் எழுதிய போர்டு: 'இங்கு பாக்டீரியா உள்ள மாவு மட்டுமே கிடைக்கும்.'

அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். அக்கா அசையவில்லை.

"இருக்கட்டும் தங்கச்சி. அவங்க முதுகுக்குப் பின்னாடி சொன்னாங்க. நான் வாசல்லயே எழுதிட்டேன்."

போர்டைப் படித்தவர்கள் நின்றார்கள், சிரித்தார்கள், என்னவென்று கேட்டார்கள், வாங்கினார்கள். எட்டரை மணிக்கு மாவு காலி. எனக்கே ஒரு பாக்கெட் மிஞ்சவில்லை!

எங்கள் வீட்டில் இன்று உப்புமா. ஆறுதல் சொல்ல யாராவது இருக்கிறீர்களா?