சாமி கிடாய்க்குக் கயிறு

நாகலாபுரத்தில் எங்கள் எதிர்வீடு வள்ளிமயில் சித்தி. அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கும்பாவைக் கையில் ஏந்தியபடியே தொழுவத்துக்கும் வாசலுக்குமாக நடப்பார். இந்தத் தையில் நடை இன்னும் கூடிவிட்டது. செவலை ஆடு நிறைசினை.

போன ஈற்றில் இரண்டு ஆடுகள் போட்ட குட்டிகள் எழுந்து நிற்கவேயில்லை. தலை ஆடிக்கொண்டே இருந்தது. காம்பைத் தேடிய வாய் வேறெங்கோ போனது. புட்டியில் பால் கொடுத்தும் பிழைக்கவில்லை. சுடலைமாடன் சாமிக்குச் சித்தி நேர்ந்துவிட்ட கிடாயை வெட்டாமல் கோயில் கொடைவிழாவை ஒத்திப்போட்டதால் வந்த குறை என்று தெருவில் பேசினார்கள். சித்தி பயந்துபோய்க் கிடாயை இன்னும் சீராட்டினார். சாமி கிடாய்க்குக் கயிறு கிடையாது. மந்தையில் அதன் இஷ்டம்தான்.

கோவில்பட்டியில் விலங்கியல் படித்து எங்கள் தெருவின் முதல் பட்டத்தை வாங்கியவன் நான். கேட்காமலே சொன்னேன். கரு உருவான முதல் வாரங்களிலேயே, எந்த செல் நரம்பாக வேண்டும், எது மூளையின் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக உத்தரவு போடுகின்றன. ஒவ்வொரு மரபணுவிலும் தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. ஒன்று பழுதானாலும் பல நேரம் மற்றது சமாளித்துவிடும். இரண்டும் பழுதென்றால், நிற்க நிதானம் தரும் சிறுமூளை சரியாக உருவாகாமல் போகலாம். ஆய்வகத்தில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது; ஆனால் அந்த இரண்டு ஆடுகளும் அந்தக் கிடாய்க்கே பிறந்து, அதனிடமே சினையானவை. செவலையும் அப்படித்தான்.

சித்தி நடையை நிறுத்தவில்லை. “படிச்சிட்டு வந்து சாமி கிடாயவே குத்தஞ் சொல்லுதியாலே?”

“சாமியச் சொல்லல சித்தி. அது பெத்த மகளையே சேருதுல்லா, அதச் சொல்லுதேன்.”

தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்த கொம்பையா சித்தப்பா சிரித்தார். “சாமி கிடாய்க்கு இவன் வெளியூர்ல பொண்ணு பாக்கான் போல.”

மாசியில் ஒரு மத்தியானம் செவலை ஈன்றது. பெட்டைக்குட்டி. செவலை நக்கி முடிக்கும்வரை சித்தியால் பார்க்கவும் முடியவில்லை, அங்கிருந்து போகவும் முடியவில்லை. குட்டி முன்காலை ஊன்றியது, விழுந்தது. மறுபடி ஊன்றியது. தலை ஆடவில்லை. நேராகக் காம்பைப் பிடித்தது.

“ஒம் படிப்பு தோத்துப்போச்சேலே” என்றார் சித்தப்பா.

எல்லாக் குட்டியும் விழாது, நிற்கிற குட்டியும் உள்ளே ஒரு பழுதைச் சுமக்கலாம் என்றேன்.

குட்டியைத் தடவிய சித்தியின் கை நின்றது. “அப்ப இவளும் வளந்து அந்தக் கிடாய்கூடத்தான சேருவா?”

நான் வாய் திறக்குமுன் எழுந்துவிட்டார். புதுக்கயிறு ஒன்றை மஞ்சளில் முக்கினார். சுடலையின் பீடமான பூடத்தில் சூடம் காட்டி, கிடாயை அங்குள்ள வேம்பில் கட்டினார்.

“கொட வரைக்கும் இங்கன நில்லு. கோவம்னா எங்கிட்ட காட்டு. குட்டிககிட்ட வேண்டாம்.”

இப்போது அதற்குத் தழை சுமந்து பூடத்துக்கும் வீட்டுக்குமாக நடக்கிறார்.