போலிக் கணக்குகளை அலையவிட்டவர்

இத்தாலியின் பலெர்மோவில் இருந்து நான் எழுதும் வலைப்பூவில் ஒவ்வொரு பதிவின் கீழும் “அருமை” என்று இருபது பேர் பாராட்டுவார்கள். எல்லாம் போலிக் கணக்குகள். எண்ணிக்கை கூடித் தெரிந்ததால் நான் அவற்றை அழிக்கவில்லை.

ஒருநாள் பல்லாரோ சந்தையில் ஒருவர் என்னை மறித்தார். லிபெர்த்தா வீதியில், சிஞ்ஞோரா என்று அழைக்கப்படும் இத்தாலிய மூதாட்டி ஒருவரைப் பராமரிப்பவர்; மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் நூலில் தொங்கும் மூக்குக்கண்ணாடி. நாட்டில் தங்குவதற்கான அனுமதியான பெர்மெஸ்ஸோவை விரைவில் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லி, என் வலைப்பூவில் ஒரு பாராட்டின் கீழ் இருந்த இணைப்பை நம்பி ஏமாந்திருந்தார்.

“உங்கடை பக்கம் எண்டுதான் பாஸ்போட் படம் எல்லாம் குடுத்தனான்,” என்றார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எல்லாத்தையும் இண்டைக்கே அழிக்கிறன்.”

“அழிக்க முதல் எனக்கு அனுப்புங்கோ.”

கைபேசியை நீட்டினார். சிஞ்ஞோரா மதியம் உறங்கும் நேரமெல்லாம் அந்த ஏமாற்றுக்காரர்களுக்கு ஒற்றை விரலால் எழுதியிருந்தார். புதிதாக வந்த அப்பாவி போல் சந்தேகம் கேட்டிருந்தார். பாஸ்போட் படம் கேட்டவனுக்குக் கத்தரிக்காயின் படத்தை அனுப்பி, தெளிவாக இருக்கிறதா என்று விசாரித்திருந்தார். ஒன்பது நாள் பொறுமையாகப் பதில் சொன்ன ஒருவன் கடைசியில் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தான். அதைக் காட்டும்போது மட்டும் அவர் முகம் மலர்ந்தது.

“இதாலை உங்களுக்கு என்ன கிடைக்குது?”

“என்னைக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலிலை மூண்டு மாசம் அலைய வைச்சவங்கள். இனி அவங்கள் அலையட்டும்.”

இப்போதும் போலிக் கணக்கு வந்தால் முதலில் அவருக்குத்தான் அனுப்புகிறேன். “ஓம், கிடைச்சது” என்று மட்டும் பதில் வரும். என்னை மன்னித்துவிட்டாரா என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.