முதுகுக்குப் பின்னால் அக்கா

பேருந்தில் ஏறினால் அவரைக் குடிகாரர் என்றுதான் நினைப்பார்கள். நாக்கு குழறும். இடது கால் சற்றுத் தாமதித்தே தரையில் பதியும். ஒருமுறை நடத்துனர் பாதி வழியில் இறக்கிவிட்டார். வாழ்நாளில் ஒரு சொட்டு மது தொடாத மனிதர், மிச்ச தூரத்தை நடந்தே வந்து மனைவியிடம் சொன்னாராம்: "குடிக்காமலே ஆடுறேன். உனக்குச் செலவு மிச்சம்."

தெருவில் அவருக்கு இரும்புத்தலை என்று பெயர். குத்துச்சண்டையில் சாம்பியனாக இருந்த காலத்தில் ரசிகர்கள் வைத்தது. எத்தனை குத்து வாங்கினாலும் விழமாட்டார் என்பதால் வந்த பெயர், பாராட்டாகத்தான் வைத்தார்கள். இப்போது வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். லாரியில் வரும் மீன் பெட்டிகளைத் தூக்கி உள்ளே அடுக்குவது, கேட்கும்போது இறக்கித் தருவது. வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் கால் இழுப்பது யாருக்கும் தெரியாது. பேசவும் தேவையில்லை. அந்த இருக்கையில் மட்டும்தான் அவர் பழைய ஆள்.

கிடங்கு கைமாறியது. வண்டி ஓட்டுகிற எல்லோரும் மருத்துவச் சோதனைக்குப் போக வேண்டும் என்று புதிய நிர்வாகம் சொன்னது. தேறாதவர்களுக்கு வண்டி கிடையாது. பேச்சு தெளிவில்லாததால் இரும்புத்தலை துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்றார்கள். அவர் மனைவி நேராகக் கணவரின் அக்கா வீட்டுக்குப் போனார். வண்டி போய்விட்டால் மனுஷன் படுத்த படுக்கையாகிவிடுவார் என்று அழுதார். கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கூடப் போனா அவருக்குத் தெம்பா இருக்கும், அண்ணி. எப்படியாவது பாஸ் பண்ண வச்சிருங்க."

எப்படியாவது என்று சொன்னவருக்கு அதன் பொருள் தெரியாது. கேட்டவருக்குத் தெரியும்.

அக்கா அந்தக் காலத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் காயங்களுக்குக் கட்டுப் போடும் வேலை பார்த்தவர். தம்பி ரிங்கில் ஏறத் தொடங்கியபோது, ஆள் வைத்துக்கொள்ள வசதியில்லாமல், அவரே மூலையில் வாளியும் துண்டும் பஞ்சுமாக நின்றார். ஒரு பெண் நிற்கிறாளே என்று கூட்டம் விசிலடித்தது. தம்பிக்குப் பால் புட்டி கொண்டு வந்தியாம்மா என்று ஒருவன் கத்தினான். கிழிந்த புருவத்தை அடுத்த பெல் அடிப்பதற்குள் அவர் அடைத்துக் காட்டிய பிறகு விசில் அடங்கியது. எதிராளிகளே தங்கள் மூலைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை.

பஞ்சும் வாஸ்லினும் கூட்டம் பார்த்த வேலை. பார்க்காத வேலை ஒன்றும் இருந்தது. நிறைய அடி வாங்கிய ஆளை இடைவேளையில் ரிங் டாக்டர் வந்து சோதிப்பார். முகத்துக்கு முன்னால் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்பார். இது எத்தனையாவது ரவுண்டு என்று கேட்பார். பதில் தடுமாறினால் சண்டை அங்கேயே முடிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்குப் பின்னால் அக்கா முதுகைத் துடைத்துக்கொண்டு நிற்பார். துண்டுக்கு அடியில் அவருடைய ஆள்காட்டி விரல் தட்டும். மூன்று தட்டு. "மூணு" என்பார் தம்பி. டாக்டர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போவார்.

இருவரும் உட்கார்ந்து பேசிச் செய்த ஏற்பாடு அல்ல. முதல்முறை பதற்றத்தில் தட்டினார். தம்பி பிடித்துக்கொண்டார். அதன் பிறகு பழகிவிட்டது.

பட்டம் வாங்கிய சண்டையில் பாதிக்கு மேல் அவருக்கு நினைவே இல்லை. கடைசி மூன்று இடைவேளைகளிலும் டாக்டர் ஏறி வந்தார். மூன்று முறையும் அக்காதான் பதில் சொன்னார். கடைசி ரவுண்டில் எங்கிருந்தோ ஒரு வலது கைக் குத்து போய் எதிராளியின் தாடையில் விழுந்தது. கூட்டம் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அவர் அக்காவைத் தேடிப் பிடித்து, என்ன ஆச்சு என்று கேட்டார். ஜெயிச்சுட்டே என்று அக்கா சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

மற்றதெல்லாம் மெதுவாக வந்தது. முதலில் தலைவலி. பிறகு சாவியை எங்கே வைத்தோம் என்ற தேடல், காரணமில்லாத கோபம். இடது பக்கம் வருபவர்கள் கண்ணில் படாமல் போனார்கள். ஒருநாள் மதியம் தம்பி வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா, சாப்பிட்டியாடா என்று சும்மா கேட்டார். அவர் உடனே பதில் சொல்லவில்லை. நாற்காலியில் நிமிர்ந்தார். முதுகைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கொடுத்தார். காத்திருந்தார். அக்காவுக்குக் கையில் இருந்த துணி நழுவியது. அன்றிலிருந்து கவனித்தார். கடைக்காரர் விலை சொன்னாலும், பக்கத்து வீட்டுக்காரர் மணி கேட்டாலும், தம்பி முதலில் அந்த விரலுக்காகத்தான் காத்திருந்தார்.

சோதனைக்கு முந்தைய நாள் கிடங்கு லோடுமேன் ஒருவர் அக்காவைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. பெட்டி தூக்கும் கம்பிகளை இறக்காமலே சாம்பியன் வண்டியைத் திருப்பிவிட்டார் என்றும், தான் குதித்ததால் தலை தப்பியது என்றும் சொன்னார். இடது பக்கம் நின்றிருந்தாராம். மேலிடத்தில் சொல்ல மனசு வரவில்லையாம்.

"என்னைப் பார்த்துச் சிரிச்சாருக்கா. அவருக்கு ஒண்ணுமே தெரியல. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

சோதனை அறை சின்னது. ஒரு மேசை, எடை பார்க்கும் இயந்திரம், சுவரில் எழுத்துப் பலகை. டாக்டர் இளம்பெண், குத்துச்சண்டை பார்த்தவராகத் தெரியவில்லை. இரும்புத்தலை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். இரத்த அழுத்தம் நன்றாக இருந்தது. கைப்பிடியின் வலு டாக்டரை ஆச்சரியப்படுத்தியது. எதிரே நாற்காலி காலியாக இருந்தும் அக்கா, யாரும் சொல்லாமலே, தம்பிக்குப் பின்னால் போய் நின்றிருந்தார்.

டாக்டர் அவருடைய இடது பக்கம் கையை உயர்த்தி எத்தனை விரல் என்று கேட்டார்.

அவர் நிமிர்ந்தார். சட்டைக்கு அடியில் தோள்பட்டை எலும்புகள் நெருங்கி வந்தன. அக்கா கைப்பையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவசரமில்லை, பார்த்துச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். ஒரு நிமிஷம் டாக்டர் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அவர் லேசாகத் தலையைத் திருப்பினார். தனக்குக் கண் தெரியாத பக்கமாகத் திருப்பினார்.

"அக்கா இல்லையா?"

"இங்கதான்டா இருக்கேன்."

நிம்மதியாகச் சிரித்தார். மறுபடி முன்னால் திரும்பி முதுகைக் கொடுத்தார். அக்கா பின்னால் இருக்கும்வரை கவலையில்லை என்பது அந்த முதுகிலேயே தெரிந்தது. அதில் சட்டைத் துணி விரிந்து மடங்குவதைப் பார்த்துக்கொண்டே அக்கா நின்றார். ஒரு விரல் நீட்டினால் போதும். நீட்டவில்லை.

"மூணு," என்றார் அவர், கடைசியில்.

டாக்டர் எப்போதோ கையை இறக்கி மேசைமேல் வைத்திருந்தார்.

வீட்டில் மனைவிக்குக் கோபம் தலைக்கேறியது. கூடவே நின்றும் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க முடியவில்லையா என்று கேட்டார். அக்கா மறைக்கவில்லை. லோடுமேன் பெயரைச் சொல்லாமல் அவர் உயிர் தப்பியதைச் சொன்னார். பிறகு விரலைச் சொன்னார், பட்டம் வாங்கிய சண்டையைச் சொன்னார். சொல்லும்போதும் பழக்கத்தில் தம்பியின் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். தம்பியின் காதில் இது எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை; சட்டைக் கைப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார்.

மனைவி மெல்ல உட்கார்ந்தார். பேசியபோது குரலில் கோபம் இல்லை.

"முதல் தடவை பார்த்தப்போ இவர்கிட்ட பேர் என்னன்னு கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்து, நிதானிச்சுத்தான் சொன்னார். என்ன கம்பீரம்னு நினைச்சேன், அண்ணி. அதைப் பார்த்துத்தான் இவரைக் கட்டிக்கிட்டேன்."

அக்காவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. மனைவி எழுந்து ஒரு நாற்காலியை இழுத்து, கணவருக்கு நேர் எதிரே போட்டார்.

"முன்னாடி வந்து உட்காருங்க. இனிமே இந்த வீட்டுல அவருக்குப் பின்னாடி நிக்காதீங்க."

அக்கா வந்து உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். மனைவி குனிந்து அந்தப் பொத்தானைக் கழற்றிவிட்டார். அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார், திரும்பவும் அக்காவைப் பார்த்தார். யாரும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

"வண்டி போச்சு, இல்ல?" என்றார்.

மற்றவர் பதில் சொல்லட்டும் என்று இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள்.